சீனத்துப் பச்சைத் தேயிலை மலையைப் பார்க்கப் போனால்

வெளிநாட்டார் நம்ம மலைக்கு வந்து, கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் பிடித்துப் போவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நாம் சீனாவுக்குச் சுற்றுலா போனால் எதைப் பார்ப்போம்? 1824இல் பேராதனைப் பூங்காவில் நட்ட முதல் தேயிலைச் செடி அங்கிருந்து வந்ததுதானே. தேயிலை தெரிந்த கண்ணோடு ஒருமுறை போய்ப் பார்ப்போம்.

ஹாங்சோ நகரத்தில் மேற்கு ஏரி என்று ஓர் ஏரி. அதை ஒட்டிய மலைகளில் லோங்ஜிங் கிராமம் இருக்கிறது. டிராகன் கிணறு என்று அர்த்தம். டவுன் பஸ்ஸிலேயே போகலாம். துரை பங்களா, நாலு மாடி ஸ்டோர் என்று தேடினால் கிடைக்காது. குடும்பத்துக்குக் குடும்பம் சின்னத் துண்டு தேயிலை, வீட்டிலேயே வறுக்கும் சட்டி. வருகிறவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, வீட்டுக்காரரே விலை பேசி விற்கிறார். இடையில் புரோக்கர் இல்லை, ஏலம் இல்லை. நாம் கவனித்துப் பார்க்க வேண்டியது முதலில் இதைத்தான்.

மார்ச் கடைசியில் எடுப்பு தொடங்கும். ஏப்ரல் 4 அல்லது 5ஆம் திகதி சிங்மிங் பெருநாள். முன்னோரின் கல்லறையைத் துப்புரவாக்கிக் கும்பிடும் நாள். அதற்கு முன் எடுத்த கொழுந்துக்குத்தான் உச்ச விலை. மொட்டும் ஓர் இலையும் மட்டும். நம்ம 'ரெண்டு இலையும் மொட்டும்' அங்கே முரட்டுக் கொழுந்து! நகத்தால் கிள்ளினால் அந்த இடம் சிவந்துவிடும் என்று, விரல் நுனியால் பிடித்து மேலே இழுத்து எடுக்கிறார்கள். நாள் முழுக்க நின்றாலும் சில கிலோதான். முழுப் பேர் போட 18 கிலோ கேட்கும் மலையில் நிற்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனாலும் 1 கிலோ தேயிலைக்கு 4, 5 கிலோ கொழுந்து என்ற கணக்கு அங்கேயும் அதேதான்.

ஏன் பச்சையாகவே இருக்கிறது? நம்ம ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாறவிட்ட பிறகுதான் சூடு காட்டுகிறோம். அங்கே சூடு முந்திவிடுகிறது. சில மணி நேரம் பரப்பி வைத்த கொழுந்தைச் சூடான இரும்புச் சட்டியில் போட்டு, வெறுங்கையால் அமுக்கி அமுக்கி வறுக்கிறார்கள். இலையின் நிறத்தை மாற்றும் நொதியம் அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆறவைத்து மறுபடி ஒரு வறுப்பு. இலை தட்டையாக வரும். பழகாத கை கொப்பளித்துப் போகும். இப்போது மெஷினும் வந்துவிட்டது; கையால் வறுத்ததற்கு விலை தனி.

படம் பிடிக்கிறவர்கள் கேட்காமல் போவது ஒன்று உண்டு. கொழுந்தெடுப்பவர்களில் பலர் அந்தக் கிராமத்தார் அல்ல. வேறு மாகாணங்களிலிருந்து சீசனுக்கு வரும் பெண்கள், அதிலும் வயதானவர்கள் அதிகம். தோட்டக்காரர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு, கூலி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். தேயிலையின் பெயரும் விலையும் கிராமத்தோடு நின்றுவிடும். நாம் போனால் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசணும். பாஷை தெரியாவிட்டால் என்ன, விரலைக் காட்டினால் போதும்.

குடிக்கும்போது, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுவார்கள். ஒரே இலைக்கு இரண்டு மூன்று தரம் தண்ணீர் ஊற்றலாம். பால் கிடையாது. சீனாவில் சீனி கேட்டாலும் சிரிப்பார்கள்.