ஒரு தட்டு வட்டிலப்பமும் ஆறு கேள்விகளும்

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிவு செய்யும் மாணவியிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் கேட்கப்படும். ஒன்று, "சயன்ஸ் கிடைக்கல்லயா?" மற்றது, "இதப் படிச்சி என்ன செய்யப் போற?" முதலாவது கேள்விக்கு ஒரு புன்னகை போதும். இரண்டாவது கேள்விக்கோ நாம் பதில் தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும். பரீட்சை முடிந்து, இசட் புள்ளி வெளியாகி, பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் நம்மிற் பலர் "முகாமைத்துவம்" என்ற சொல்லை மட்டும் அறிந்துகொண்டு அதனைத் தெரிவு செய்கிறோம். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை.

என் பெரியும்மாவின் மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்கிறார். சென்ற விடுமுறையில் அந்த ராத்தாவின் முதலாம் வருடக் குறிப்புகளை வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணம், கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர எனப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடங்களின் பெயர்களும் ஒழுங்கும் சற்று மாறலாம். ஆனால் அடிப்படை ஒன்றே. முகாமைத்துவக் கோட்பாடுகள், நிதிக் கணக்கீடு, பொருளியல், புள்ளிவிபரவியல், சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம் ஆகிய ஆறும் ஆரம்பத்திலேயே அறிமுகமாகின்றன. இவற்றோடு ஆங்கிலமும் கணினியும் கருவிகளாகச் சேர்ந்துகொள்கின்றன.

இந்த ஆறையும் ஆறு தனித்தனிப் புத்தகங்களாக நினைத்தால் மனனம் செய்யும் சுமைதான் மிஞ்சும். உண்மையில் அவை ஒரே தொழிலைப் பார்த்துக் கேட்கப்படும் ஆறு கேள்விகள். அதனை விளக்க என் சாச்சியின் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். அவர் வீட்டிலிருந்தே ஓடருக்கு வட்டிலப்பம் செய்து கொடுக்கிறார். விளங்குவதற்கு இலகுவாக எண்களை முழு எண்களாக்கி எழுதியுள்ளேன். சாச்சி அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "லாபம்தான் வருது மகள், ஆனா கையில காசி நிக்குதில்ல." இந்த ஒற்றை வசனத்துக்கு ஆறு பாடங்களும் என்ன பதில் தருகின்றன என்று பார்ப்போம்.

1. முகாமைத்துவக் கோட்பாடுகள்: வேலை எப்படி ஒழுங்காகிறது?

இப்பாடம் இரண்டு பெயர்களோடு ஆரம்பமாகும். அமெரிக்கரான பிரெடரிக் டெய்லர் 1911இல் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய தனது நூலை வெளியிட்டார். பிரான்ஸ் நாட்டின் சுரங்கப் பொறியியலாளர் ஹென்றி பேயோல் 1916இல் முகாமைத்துவத் தொழிற்பாடுகளையும் 14 கோட்பாடுகளையும் முன்வைத்தார். அவருடைய ஐந்து தொழிற்பாடுகளே இன்று திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என நான்காகச் சுருக்கிக் கற்பிக்கப்படுகின்றன.

ஆனால் நாம் மறக்கக் கூடாத மூன்றாவது பெயர் லிலியன் கில்பிரெத். கணவர் பிராங்குடன் சேர்ந்து, ஒரு வேலையில் எத்தனை அசைவுகள் வீணாகின்றன என்று ஆராய்ந்தவர் அவர். 1924இல் கணவர் இறந்த பின்னர், பெரிய குடும்பமொன்றைத் தாங்கிக்கொண்டே அதே ஆய்வைச் சமையலறைக்குள் கொண்டு வந்தார். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பொருட்கள் வைக்கும் தட்டு என்பன எங்கே இருந்தால் நடக்கும் தூரம் குறையும் என்று அளந்து பார்த்தார். முகாமைத்துவம் தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவரே சான்று. சாச்சி ஒரே தடவையில் இரண்டு தட்டுகளை அவிக்கக்கூடிய பாத்திரம் ஒன்றை வாங்கினால் அதுவும் முகாமைத்துவத் தீர்மானமே.

2. நிதிக் கணக்கீடு: பணம் எங்கே போனது?

இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தனது கணித நூலில் விளக்கியவர் லூக்கா பசியோலி. அவர் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. அங்கிருந்த வணிகர்கள் கையாண்ட முறையை எழுதி வைத்தார். சொத்துக்கள் என்பன பொறுப்புக்களும் உரிமையாண்மையும் சேர்ந்த தொகைக்குச் சமம் என்ற சமன்பாடு நமக்கு உயர்தரத்திலேயே பழக்கமானது.

சாச்சியின் பிரச்சினைக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. தொழில் வேறு, உரிமையாளர் வேறு என்பது கணக்கீட்டின் அடிப்படை எண்ணக்கரு. வட்டிலப்பம் விற்ற பணத்தில் மச்சிக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கினால் அது தொழிலின் செலவு அல்ல, உரிமையாளரின் எடுப்பனவு. ஓடர் எடுத்துச் சென்றவர் "பிறகு தாரன்" என்றால் இலாபம் ஏட்டில் இருக்கும், காசு அவரிடம் இருக்கும். ஆகவே இலாபமும் காசும் ஒன்றல்ல.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தட்டின் விற்பனை விலை 1,800 ரூபா. தேங்காய், கித்துள் கருப்பட்டி, முட்டை, ஏலம், கஜு, காஸ், பெட்டி எல்லாமாக மாறும் கிரயம் 1,300 ரூபா. பங்களிப்பு 500 ரூபா. மின்சாரம், தொலைபேசி, குளிர்சாதனப் பெட்டியின் பெறுமானத் தேய்வு என மாதாந்த நிலையான கிரயம் 9,000 ரூபா. எனவே 18 தட்டுகள் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மாதம் 30 தட்டுகள் விற்றால் இலாபம் 6,000 ரூபா.

3. பொருளியல்: எதனை இழந்து இதனைப் பெறுகிறோம்?

கணக்கீடு 6,000 ரூபா இலாபம் என்று சொன்ன அதே இடத்தில் பொருளியல் கையை உயர்த்துகிறது. ஒரு தட்டுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 30 தட்டுகளுக்கு 60 மணித்தியாலம். அந்த நேரத்தில் சாச்சி முன்னர் போல அபாயா தைத்திருந்தால் 9,000 ரூபா கிடைத்திருக்கும். கைவிடப்பட்ட அந்தச் சிறந்த மாற்று வழியின் பெறுமதியே அமையச் செலவு. அதனையும் கழித்தால் 6,000 ரூபா இலாபம் 3,000 ரூபா நட்டமாகிறது!

இரண்டு பாடங்களும் பொய் சொல்லவில்லை. கணக்கீடு கொடுத்த காசை எண்ணுகிறது. பொருளியல் கொடுத்த நேரத்தையும் சேர்த்து எண்ணுகிறது. இதனை நான் கடதாசியில் எழுதிக் காட்டியபோது சாச்சி கேட்டார்: "என்ட நேரத்துக்கும் காசா?" அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் தொழிலை விட்டுவிடுவதா? அதற்கும் பொருளியலே வழி காட்டுகிறது. விலையை 1,950 ரூபாவாக உயர்த்தியதும் விற்பனை 28 தட்டுகளாகக் குறைகிறது என்று கொள்வோம். விலை 8.3 சதவீதம் ஏற, கேட்கப்பட்ட தொகை 6.7 சதவீதம்தான் குறைகிறது. கேள்வியின் விலை நெகிழ்ச்சி ஒன்றிலும் குறைவு. பங்களிப்பு ஒரு தட்டுக்கு 650 ரூபா. இலாபம் 9,200 ரூபா. செலவான 56 மணித்தியாலங்களின் அமையச் செலவு 8,400 ரூபா. இப்போது சாச்சியின் உழைப்புக்குக் கூலி கொடுத்த பின்னும் 800 ரூபா மீதியாகிறது.

பேரினப் பொருளியல் இதே அடுப்பை வெளியிலிருந்து பார்க்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நமது நாட்டின் வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அக்காலத்தில் பழைய விலையிலேயே விற்றவர்கள் எவ்வளவு கவனமாக உழைத்திருந்தாலும் முதலைத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

4. புள்ளிவிபரவியல்: சராசரி உண்மை பேசுகிறதா?

பெருநாள் வாரத்தில் ஏழு நாட்களுக்கு வந்த ஓடர்கள் 4, 5, 5, 6, 4, 5, 41 என்று கொள்வோம். கூட்டினால் 70, இடை 10. "நாளைக்குப் பத்து ஓடர் வரும்" என்று நம்பி அடுத்த வாரம் பொருட்களைக் குவித்தால் பாதி பழுதாகிவிடும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் உள்ளதை எடுத்தால் இடையம் 5. சாதாரண நாளின் உண்மை முகம் அதுவே. 41 என்பது பெருநாளைக்கு முந்திய நாள். புள்ளிவிபரவியல் என்பது சூத்திரங்களின் பட்டியல் அல்ல; எந்த எண்ணை எப்போது நம்பலாம் என்று கற்றுத்தரும் பாடம்.

5. சந்தைப்படுத்தல்: யாருக்கு, என்ன தேவை?

சந்தைப்படுத்தல் என்றால் விளம்பரம் என்றே பலர் நினைக்கின்றனர். ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வகுத்த சந்தைப்படுத்தல் கலவையில் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என நான்கு அம்சங்கள் உள்ளன. விளம்பரம் நான்காவதன் ஒரு பகுதி மாத்திரமே. முழுத் தட்டு வட்டிலப்பம் விருந்துக்கும் பெருநாளுக்கும் உரியது. மூன்று பேர் உள்ள வீட்டுக்குச் சாதாரண நாளில் அது தேவையில்லை. சிறிய கிண்ணங்களில் கொடுத்தால் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் இன்னும் பத்துப் படங்கள் போடுவதற்கு முன்னர், வாங்குபவருடைய வீட்டு மேசையைக் கற்பனை செய்வதே இப்பாடத்தின் முதற் படி.

6. வணிகச் சட்டம்: வாக்குத் தவறினால்?

நமது நாட்டில் பொருள் விற்பனையை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொருளின் உரித்து யாரிடம் இருக்கிறதோ அதன் இடரும் அவருக்கே என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. கொண்டு போகும் வழியில் தட்டுக் கவிழ்ந்தால் நட்டம் யாருக்கு என்ற கேள்வி, உரித்து எப்போது கைமாறியது என்ற கேள்வியாகிவிடுகிறது. சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் செய்பவர் அந்த வணிகப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தை நாடலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரேயொரு பங்குதாரருடனும் கம்பனி அமைக்கலாம். "வீட்டுத் தொழில்தானே" என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கும் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஆறும் சேர்ந்து சொல்வது

ஆறு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்டுப் பார்த்தபோது எனக்குத் தெளிவான விடயம் ஒன்றுதான். சாச்சியின் தொழிலில் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று அவருடைய நேரம். அதுவே எந்த ஏட்டிலும் எழுதப்படாத செலவு. இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணிக்கும்போதும், வீட்டாருக்காகச் சம்பளமின்றிச் செய்யப்படும் சமையலும் துப்புரவும் பராமரிப்பும் அதில் சேர்க்கப்படுவதில்லை. எண்ணப்படாதது இலவசம் என்று கருதப்படுகிறது. இலவசம் என்று கருதப்படுவதற்கு நன்றி சொல்லவும் மறந்துவிடுகிறோம். முகாமைத்துவக் கல்வி நமக்குத் தொழில் தரலாம், தராமலும் போகலாம். ஆனால் உம்மாமாரின் உழைப்பை எண்ணிப் பார்க்கும் கண்ணை அது நிச்சயம் தரும்.

ஆகவே, உயர்தரத்துக்கு வரவிருக்கும் தங்கைகளே, வர்த்தகப் பிரிவை வேறு வழியின்றி எடுக்காதீர்கள், விரும்பி எடுங்கள். எடுப்பதற்கு முன்னர் மூன்று விடயங்களில் கவனம் செலுத்துங்கள். முதலாவது ஆங்கிலம். பல முகாமைத்துவ பீடங்களில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழில் விளங்கிய எண்ணக்கருவை ஆங்கிலத்தில் இரண்டு வசனமாக எழுதிப் பழகுங்கள். இரண்டாவது கணிதம். சதவீதமும் வரைபும் கைவந்தால் பொருளியலும் புள்ளிவிபரவியலும் பயமுறுத்தாது. மூன்றாவது, உங்கள் வீட்டில் யாரேனும் தையலோ, சமையலோ, சிறு கடையோ நடத்தினால் ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் கீறுங்கள்: வந்த காசு, போன காசு, செலவான நேரம். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

முதல் இரண்டு நிரல்களும் கணக்கீட்டுக்கு உரியவை. மூன்றாவது நிரலுக்குரிய விலையை உங்கள் உம்மாவிடமே கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் அவரிடம் இதுவரை எவருமே அதனைக் கேட்டிருக்க மாட்டார்கள்.