சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை: குறைந்த காசில் நீண்ட நடை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கிழக்குக் கரை வழியே கதிர்காமம்வரை நடந்து போவதே கதிர்காமப் பாதயாத்திரை. தூரம் 500 கிலோமீற்றருக்கு மேல். வைகாசியில் புறப்படுவோர் ஆடிவேல் விழாக் கொடியேற்றத்தை ஒட்டிப் போய்ச் சேர்வர். இரு கோயில்களிலும் வாய்கட்டிப் பூசை செய்வது வழக்கம். சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டையும் வேலையையும் விட்டு இவ்வழியே நடந்தவர்களின் வரிசை பெரியது. கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திட்டமொன்றின் களஞ்சியப் பொறுப்பை உதறிவிட்ட யோகர் சுவாமிகள் 1910இல் கதிர்காமத்துக்கு நடந்தார். ஜேர்மனியில் பிறந்து, பௌத்தத் துறவியாக இருந்து, பிறகு யோகரின் சீடரான கௌரிபாலா சுவாமி சந்நிதியருகே ஆச்சிரமம் அமைத்திருந்தார். அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் 1972இல் நடந்தார்; போரால் குலைந்துபோன யாத்திரையை 1988இல் மீண்டும் தொடக்கிவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஊர் சுற்றிகள் என்று இவர்களை ஏசியவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

வழி எளிது. வடமராட்சி கிழக்கு மணல், சுண்டிக்குளம், வற்றாப்பளை, கொக்கிளாய், திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. பெரும்பாலும் கோயில் மடத்தில் படுக்கை, கோயில் கிணற்றில் குளிப்பு, ஊரவர் தரும் சோறு. உகந்தைவரை இதற்குமேல் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேல் தாங்கிப் போகிறவரின் பின்னால் போனால் போதும்.

அதிகம் பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது முதல் வாரத்து வேகம். மோட்டார் சைக்கிளில் போய்வந்து பழகிய கால்கள் மணற்காட்டைக் கண்டதும் துள்ளும். கூட்டத்தில் வரும் ஆச்சிமாரின் மெல்லிய நடையைப் பொறுக்காமல் இளையவர்கள் முந்துவார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். காலை பத்து மணிக்குமேல் தார் கொதிக்கும். பாட்டாச் செருப்பின் வார் உரசும் இடத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே முதலில் தோல் சிவக்கும். பின்னேரம் கொப்புளம். அடுத்த நாள் அது உடைந்து, உள்ளே மணல் புகுந்து, ஈரத்தோடு எரியத் தொடங்கும். நோவுக்குப் பயந்து பாதத்தைச் சரித்து வைத்தால் முழங்கால் பிடிக்கும்; முழங்கால் பிடித்தால் பேருந்துதான். முந்திப் போனவர் திருகோணமலையில் காலில் கட்டோடு குந்தியிருக்க, பின்னால் வந்த ஆச்சிமார், “என்ன சாமி, ஏலாதோ?” என்று கேட்டபடி கடந்து போவார்கள். கொப்புளத்தை விட அந்தக் கேள்வி கூட நோகும்.

மருந்து நேரத்தில்தான் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு நடை தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்தி, பின்னேரம் மீண்டும் நடப்பதே அனுபவசாலிகளின் முறை. தோல் சிவந்த உடனேயே கழுவி, நன்றாக உலர்த்தி, பழந்துணி சுற்ற வேண்டும். கொப்புளத்துத் தோலை உரிக்கவே கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் புண்ணின் நோவே தெரியாமற் போகலாம். அவர்கள் இரவுதோறும் டோர்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பது அவசியம்.

அதிகம் காசு கொண்டுபோனால் சுகமாகப் போய்ச் சேரலாம் என்ற வீட்டாரின் கணிப்பு முற்றிலும் பிழை. மடியில் அதிகம் வைத்திருப்பவரே முதலில் தளர்வார். அவர் கடையில் தனியே சாப்பிடுவார், விடுதி தேடுவார். அடுத்த சோறு எங்கே, எந்தக் கிணறு வற்றிவிட்டது என்ற செய்தி பந்தியிலும் மடத்துத் திண்ணையிலும் பரவும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். கையில் காசில்லாதவருக்குக் கூட்டத்தை விட்டால் கதியில்லை. அதனாலேயே வழி தவறமாட்டார். சாமான்களை வாகனத்தில் ஏற்றிவிட்டுக் கைவீசி நடக்கும் குழுக்களும் உண்டு. அவர்களுக்குக் கால் வலிப்பதில்லை, ஆனால் எந்த ஊரிலும் ஒருவரையும் தெரிவதில்லை. ஊருக்குத் திரும்பி அதிகம் கதைப்பவர்களும் அவர்கள்தான்.

சுமைக்கு இரண்டு வேட்டி அல்லது சாரம், ஒரு போர்வை, தண்ணீர்ப் போத்தல், டோர்ச் போதும். தின்பதற்குப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் சிறந்தவை. வெயிலில் கெடாது, கொஞ்சம் தின்றாலும் பசி அடங்கும். தோட்டமோ கடையோ உள்ளவர் தம்பியின் பொறுப்பில் விட்டுப் போகலாம். இரண்டு மாதத்தில் ஒன்றும் அழிந்துவிடாது.

உகந்தையோடு ஊர்கள் முடிகின்றன. அதன்பின் கூமுனைக் காடு, கும்புக்கன் ஆறு, ஆற்றுக்கு அப்பால் யால. இப்பாதை ஆண்டுதோறும் அதிகாரிகள் அறிவிக்கும் நாட்களில் மட்டும் திறக்கும். முன்பே போய்ச் சேர்ந்தவர்கள் உகந்தையில் காத்திருக்க வேண்டியதுதான். முதல் வாரத்து ஓட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்பது அங்கேதான் விளங்கும். காட்டில் தனியே நடக்கக்கூடாது. யானையும் கரடியும் திரியும் இடம். அவலும் சீனியும் உகந்தைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வற்றிய ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டினால், முதலில் கலங்கல் வரும். அதை இறைத்து ஊற்றியபின் ஊறுவதையே குடிக்கலாம், அதுவும் கொதிக்கவைத்து.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்து, தீர்த்தம்வரை தங்குவோர் தங்குவர். கருவறையில் பார்க்கக் கிடைப்பது திரைச்சீலை மட்டுமே. திரும்புவது பேருந்தில். வீங்கிய காலைத் தொங்கவிட்டபடி நெடுநேரம் இருக்க நேர்வதால், புறப்படுமுன் ஒரு நாளாவது படுத்தெழும்புவது நல்லது. சன்னலோர இருக்கையை விட்டு, காலை நீட்டக்கூடிய நடைவழி இருக்கையைப் பிடிக்க வேண்டும்.