பொறுப்புக் காப்பீடு யாரைக் காக்கும்?

தீக்கும் திருட்டுக்கும் எடுக்கும் காப்பீடு நம் பொருளுக்கானது. நம் தொழிலால் பிறருக்குத் தீங்கு நேர்ந்து, சட்டப்படி நாம் இழப்பீடு தரவேண்டி வந்தால் அத்தொகையை ஏற்பது பொறுப்புக் காப்பீடு. இது யாரைக் காக்கிறது என்று வினவினால், 'கடையை' என்பர் பலர். கடை என்பது யார்?

அண்ணனும் தம்பியும் கூட்டாகப் பாத்திரக்கடை நடத்துவதாகக் கொள்வோம். பணியாளர் சரியாக அடுக்காத பித்தளை அண்டா ஒன்று சரிந்து, வாங்க வந்த அம்மையாரின் தோள் எலும்பு முறிகிறது. பணியாளர் தம் வேலையின்போது செய்த பிழைக்கு முதலாளியும் பொறுப்பாளியே. பாலிசி கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருப்பின் அந்நிறுவனத்தின் மீது வரும் கோரிக்கை அதில் அடங்கும். அண்ணன் பெயரில் மட்டும் இருப்பின்? தம்பியின் பொறுப்பை ஏற்கக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். பாலிசியின் அட்டவணையில் எழுதப்பட்ட பெயரே இங்கு அடிப்படை. மகன் தனியே தொடங்கிய கடைக்கும் தந்தையின் பாலிசி தானாக நீளாது.

எங்கள் புகுந்த வீட்டுக் கடையில் மாமனார் பெயரிலேயே பாலிசி புதுப்பிக்கப்பட்டு வந்தது. கொழுந்தனார் பங்குதாரராகி ஆறாண்டுகள் சென்ற பின்னரே அதனைக் கவனித்தோம். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் இரவெல்லாம் தேடும் குடும்பம் அது! இடையில் விபத்து நேராதது நற்பேறு.

அதே அண்டா பணியாளர் மீது விழுந்திருந்தால் என்ன ஆகும்? அவர் பொதுமக்களில் ஒருவராகக் கருதப்படமாட்டார். வேலையில் நேரும் காயத்துக்கான இழப்பீட்டை 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்தது. அத்தகைய விதிகள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. அதற்கெனத் தனிப் பாலிசி வேண்டும். சரக்கு வண்டி சாலையில் ஒருவரை மோதினால் அது வாகனக் காப்பீட்டின்பாற்படும்.

இதுவரை கூறியது நாமே விரும்பி எடுக்கும் பாலிசி. கட்டாயமான ஒன்றும் உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; உயிர் பிழைத்தோர் இழப்பீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரே 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. அறிவிக்கப்பட்ட அளவு அபாயகரப் பொருள்களைக் கையாளும் உரிமையாளர் இச்சட்டப்படி காப்பீடு எடுத்தாக வேண்டும்.

'உரிமையாளர்' யார் என்பதையும் இச்சட்டமே விளக்குகிறது. கூட்டு நிறுவனமாயின் பங்குதாரர் எவரும் அவ்வாறு கருதப்படுவார். 'நான் பெயருக்குத்தான் பங்குதாரர்' என்று ஒதுங்க இயலாது. கம்பெனியாயின் அதன் நிருவாகத்துக்கு நேரடிப் பொறுப்பிலுள்ள இயக்குநர், மேலாளர் முதலியோர் அடங்குவர்.

இச்சட்டப்படி நிவாரணம் பெறத் தகுந்தோர், தொழிலாளர் அல்லாத பிறர். அவர்கள் உரிமையாளரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இறந்தவரின் வாரிசுகளும் சொத்தை இழந்தவரும்கூட மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். விபத்து நிகழ்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.