64 கிலோமீட்டருக்கு ஒரு வளைகோடு

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். எதிர் மாறுபாடு வந்தால் அட்டவணையைப் பிள்ளைகள் மளமளவென்று போட்டுவிடுவார்கள். இழுபறியெல்லாம் புள்ளிகளை இணைக்கும்போதுதான்.

கொடைக்கானலில் பாடம் எடுக்கும் நான் இதற்கு எங்கள் பழனி ரோட்டையே எடுத்துக்கொள்வேன். மேகமில்லாத நாளில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் பழனி மலை கண்ணுக்கே தெரியும். பெருமாள்மலை வழியாகச் சுற்றி இறங்கினாலோ ஏறத்தாழ 64 கி.மீ. ஆக, வேகம் × நேரம் = 64.

இந்த 64-இல் ஒரு வசதி உண்டு. கிடை அச்சில் 1 செ.மீ.க்கு மணிக்கு 8 கி.மீ., குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 1 மணி நேரம் என்று அளவுத்திட்டம் வைத்தால், 8, 16, 32, 64 ஆகிய நான்கு வேகங்களுக்கும் புள்ளி கட்டத்தின் மூலையிலேயே உட்காரும். (இந்த ரோட்டில் 64-இல் போகிறவர் முருகனடி சேர்ந்துவிடுவார், கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.)

உடனே ஸ்கேலைத் தூக்குவார்கள். 8-க்கு 8 மணி, 16-க்கு 4 மணி. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் 12-க்கு 6 மணி என்று காட்டும். வகுத்துப் பார்த்தால் 5 மணி 20 நிமிடம்தான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு எப்போதும் வளைகோட்டுக்கு மேலேதான் ஓடும். அதனால் வேகம் குறைவான பக்கம், கோடு சரசரவென்று இறங்கும் இடத்தில், 10, 12 என்று கூடுதலாகப் புள்ளி வைக்கச் சொல்வேன். 40-க்கு அப்பால் ஒன்றிரண்டு போதும். வேகத்தைச் சம இடைவெளியில் எடுத்துக்கொண்டு போவது இங்கே உதவாது. பிறகு தாளைத் திருப்பி, மணிக்கட்டு வளைவின் உள்பக்கம் வருகிற மாதிரி வைத்து, பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பு. கை தானாக வளையும்.

அச்சைத் தொடக் கூடாது. வேகம் 0 என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறது. எத்தனை மணி நேரமானாலும் ஊர் வராது.

வரைந்தது சரியா என்று பார்க்க, கோட்டில் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டு இரண்டு எண்களையும் பெருக்கினால் 64-ஐ ஒட்டி வரவேண்டும்.

கடைசியாகக் கோட்டைப் படிக்கச் சொல்வேன். வேகம் 10-இலிருந்து 20 ஆனால் 3 மணி 12 நிமிடம் மிச்சம். அதே 10 கி.மீ.யை 40-க்கு மேல் கூட்டினால் 19 நிமிடம். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்து முந்துகிற டூரிஸ்ட் வேன்களின் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய வரைபடம் இது என்று ஒரு மாணவி சொன்னாள்.