தொலைக்காட்சி வழி வேளாண் கல்வி: பார்த்ததைப் பயனாக்குவது எப்படி?



ஒரு புதிய சாகுபடி முறையை வயலுக்கே சென்று, செய்பவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்வதுதான் சிறந்த வழி. ஆனால் எல்லா உழவர்களும் எல்லாப் பண்ணைகளுக்கும் சென்று வர இயலாது. இக்குறையைப் போக்கவே சுவரொட்டி, விளக்க அட்டை, ஸ்லைடு படம், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய ஒலி-ஒளிச் சாதனங்கள் விரிவாக்கப் பணியில் சேர்க்கப்பட்டன. இன்று கைப்பேசியிலேயே எந்தப் பயிரைப் பற்றியும் படம் பார்க்கலாம். படங்கள் பெருகிவிட்டன. அவற்றால் நம் வயலில் விளைச்சலும் பெருக வேண்டுமானால், அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

கூடிக் கேட்டவர்கள் கற்றார்கள்

கனடா நாட்டில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றங்கள் இயங்கின. அக்கம்பக்கத்து உழவர்கள் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, அதைப் பற்றி விவாதித்தார்கள். 'படி, கேள், கலந்து பேசு, செயல்படு' என்பது அம்மன்றங்களின் குறிக்கோள்.

இம்முறை 1956ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உதவியுடன் நம் நாட்டில், புனா வானொலி நிலையத்தின் வாயிலாகச் சோதிக்கப்பட்டது. ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றம் உள்ள கிராமம், வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமம், இரண்டுமே இல்லாத கிராமம் என மூவகைக் கிராமங்களும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. மன்றம் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு வெகுவாக உயர்ந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. இதுதான் நாம் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் பாடம்.

நம் தஞ்சைத் தரணியில் 1960களில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, உழவர்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். வானொலி அதன் பெயரை வீடுதோறும் சேர்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் அம்மாவட்டத்தில் பாக்கேஜ் திட்டமும் நடந்து வந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகிய அனைத்தும் ஒருங்கே கிடைத்தன. கேட்ட செய்தியை வயலில் செய்து பார்க்க வழி இருந்ததால்தான் அந்நெல் பரவியது.

தொலைக்காட்சி வளர்ந்த வரலாறு

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. 1961இல் டெல்லிப் பள்ளிகளுக்கான பாடங்கள் ஒளிபரப்பாயின. உழவர்களுக்கான 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சி 1967 ஜனவரி 26 அன்று, டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஊர்ப் பொது இடத்தில் பெட்டி வைக்கப்பட்டது. மக்கள் கூடிப் பார்த்தார்கள்.

அடுத்த பெரிய முயற்சி செயற்கைக்கோள் வழியாக நடந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் மூலம் ஆந்திரா, பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் வேளாண்மை, உடல்நலம், குடும்ப நலம். இத்திட்டத்தில் ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் தரப்பட்டது. அப்பயிற்சியில் தொலைக்காட்சியுடன் வானொலிப் பாடம், அச்சிட்ட குறிப்பு, கையால் செய்து பார்க்கும் பயிற்சி ஆகியவையும் சேர்த்தே அமைக்கப்பட்டன.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1975 முதல் நடந்த திட்டம் இன்னொரு படி மேலே சென்றது. பிஜ் என்ற ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பி நிறுவப்பட்டது. அந்த மாவட்ட மக்களின் பேச்சுவழக்கில், அவர்களுடைய பிரச்சினைகளைப் பற்றி, அவர்களையே பேச வைத்து நிகழ்ச்சிகள் தயாரிக்கப்பட்டன.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவோம். உழவர்களுக்கென்றே தனி அலைவரிசையாக டி.டி. கிசான் 2015 மே 26 அன்று தொடங்கப்பட்டது.

பெங்களூரில் 2006இல் ஆய்வு முயற்சியாகத் தோன்றிய 'டிஜிட்டல் கிரீன்' முறையில், உள்ளூர் உழவர்களே படத்தில் செய்து காட்டுகிறார்கள். கிராமத்தில் படத்தைப் போடுபவர் இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பார். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, படத்தில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைத்தான். நம்மைப் போன்ற ஒருவர் செய்கிறார் என்று தெரிந்தால் நமக்கும் செய்து பார்க்கத் துணிவு வருகிறது.

படம் காட்டுவதும் காட்டாததும்

சில செய்திகளைப் படம்தான் தெளிவாக விளக்கும். உப்புக் கரைசலில் நெல் விதையைத் தேர்வு செய்வதை எடுத்துக் கொள்வோம். வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டால் அது அடியில் தங்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வந்தால் முட்டை மேலெழும். பழைய 25 காசு நாணய அளவுக்கு முட்டையின் மேற்பகுதி வெளியே தெரியும்போது கரைசல் பதமாகிவிட்டது என்று பொருள். அதில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரையும் அரைமணியையும் நீக்கிவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். 'நாணய அளவு' என்பதைப் பத்து முறை படிப்பதைவிட ஒரு முறை கண்ணால் பார்ப்பது மேல்.

ஆனால் முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்பதைப் படம் சொல்லாமல் விட்டிருக்கலாம். நாள்பட்ட முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். அதை நம்பினால் அரைமணியெல்லாம் விதையோடு சேர்ந்துவிடும். இத்தகைய விவரம் கூடிப் பேசும்போதுதான் வெளிவரும்.

படம் நான்கு மாதப் பயிரை நான்கு நிமிடத்தில் காட்டுகிறது. இடையில் நின்ற மழையையும், கிடைக்காத ஆளையும், ஆன செலவையும் அது காட்டுவதில்லை. நன்றாக விளைந்த வயலின் முன்தான் கேமரா நிற்கும்.

அளவில் தவறினால் நட்டம்

படத்தில் சொல்லும் அளவு ஏக்கருக்கா, எக்டருக்கா என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று படத்தில் சொன்னதாக வைத்துக் கொள்வோம். ஏக்கருக்கு அது 60 கிலோ. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து இருப்பதால், சுமார் 130 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய மூன்று மூட்டை தேவை. அதே 150 கிலோவை ஏக்கருக்கு என்று தவறாகக் கொண்டால் ஏழு மூட்டைக்கு மேல் ஆகிவிடும். பணம் வீணாவதுடன், பயிர் சாயும். குலை நோயும் புகையானும் பெருகும். மருந்து அளவிலும் லிட்டருக்கா, டேங்குக்கா, டேங்கு 10 லிட்டரா, 16 லிட்டரா என்று பார்ப்பது அவசியம்.

படம் எடுத்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். எண்டோசல்பான் மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. அதற்கு முன் எடுத்த படத்தில் அம்மருந்தைப் பரிந்துரை செய்திருக்கலாம். படம் அப்படியே இருக்கும்; சட்டமும் பரிந்துரையும் மாறிவிடும்.

படம் பார்க்கும் முறை

1. பார்க்கும் முன், உங்கள் பயிரில் உள்ள ஐயங்களை நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

2. பேசுபவர் யார் என்று பாருங்கள். ஆராய்ச்சி நிலையமா, சாகுபடி செய்யும் உழவரா, பொருளை விற்பவரா?

3. ரகம், பட்டம், மண், பாசன வசதி ஆகிய நான்கையும் குறித்துக் கொள்ளுங்கள். இவை உங்கள் நிலத்துக்கு ஒத்துவராவிட்டால் அம்முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

4. அளவு சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்தி எழுதுங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

5. நான்கைந்து உழவர்கள் சேர்ந்து பாருங்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் என்பதால் அவர்களும் உடன் இருப்பது நல்லது.

6. எஞ்சிய ஐயங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கட்டணமில்லாத உழவர் அழைப்பு மையத்திலோ (1800-180-1551) கேளுங்கள்.

ஐந்து சென்டில் சோதனை

படத்தில் கண்ட முறையை முதலிலேயே முழு நிலத்திலும் செய்ய வேண்டாம். ஐந்து சென்டில் புதிய முறையையும், பக்கத்து ஐந்து சென்டில் உங்கள் வழக்கமான முறையையும் கையாளுங்கள். ரகமும் நடவு நாளும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட்டு, வித்தியாசத்தை 20ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு கிடைக்கும். 10 கிலோ கூடுதலாக வந்தால் ஏக்கருக்கு 200 கிலோ. கூடுதல் செலவையும் 20ஆல் பெருக்கி, 200 கிலோ நெல்லின் விலையோடு ஒப்பிடுங்கள். விலை மிஞ்சினால் அடுத்த பட்டத்தில் பரப்பைக் கூட்டலாம். செலவு மிஞ்சினால் நட்டம் ஐந்து சென்டோடு நின்றுவிடும்.

வானொலியில் தொடங்கி கைப்பேசி வரை சாதனங்கள் பல மாறிவிட்டன. கூடிப் பார்த்து, கேள்வி கேட்டு, சிறு இடத்தில் செய்து பார்த்தவர்களுக்கே அவை பயன் தந்துள்ளன. உழவர் பெருமக்கள் வரும் பட்டத்தில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, மேற்கூறிய முறையில் ஐந்து சென்டில் சோதித்துப் பார்த்து, கிடைத்த கணக்கைப் பக்கத்து வயல்காரருக்கும் எடுத்துச் சொல்லிப் பயனடைய வேண்டுகிறோம்.