குழாய்க்கு யார் காசு கொடுப்பது?



போன வருஷம் விடுமுறைப் பயிற்சிக்காக ஓர் ஊரின் குடிநீர்ப் பிரிவில் ஒரு மாதம் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு தெருவில் கடைசிப் பத்து வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார். தோண்டி, குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஆறு இன்ச் வார்ப்பிரும்புக் குழாய். உள்ளே துரு கட்டி, கட்டியாக, பவளப் பாறை மாதிரி. நடுவில் மிச்சமிருந்த ஓட்டை மூணு இன்ச் இருந்தால் அதிகம்.

"இது எப்பண்ணே போட்டது?" என்று கேட்டேன். "நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு தம்பி" என்றார் ஃபிட்டர் அண்ணன். அவர் ஓய்வு பெற அப்போது ஒன்றரை வருஷம்தான் பாக்கி.

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம் எழுதியிருப்போம். விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாவதில்லை. அதே சாய்வில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. துருவின் கரடுமுரடையும் சேர்த்தால் இன்னும் குறைவு. ஆக, தண்ணீர் வராததற்குக் காரணம் புரிந்துவிட்டது. எனக்குப் புரியாதது வேறு ஒன்று: இந்தக் குழாயை இருபது வருஷத்துக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டிய காசு எங்கே போனது? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சிவில் படிக்கிற நமக்கு டிசைன் சொல்லித் தருகிறார்கள்; இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. பத்தாயிரம் இணைப்பு உள்ள ஊர். 10 கோடி ரூபாயில் குழாயும் மேல்நிலைத் தொட்டியும் போட்டோம். ஆயுள் 40 வருஷம் என்றால், வருஷத்துக்கு 25 லட்சம் தேய்மானம். போட்ட பணத்துக்கு 9 சதவீதம் வருவாய் என்றால் முதல் வருஷம் 90 லட்சம். கரண்ட், குளோரின், சம்பளம், ரிப்பேர் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கோடி. மொத்தம் 2 கோடியே 65 லட்சம். ஒரு வீட்டுக்கு வருஷம் 2,650, மாதம் சுமார் 221 ரூபாய்.

வெளிநாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தண்ணீர்க் கம்பெனிகள் என்று சொல்கிறார்களே, அவற்றின் அடிப்படை இவ்வளவுதான். ஊருக்கு ஒரே கம்பெனி, போட்டி கிடையாது. அதனால் விலையை அது இஷ்டத்துக்கு வைக்க முடியாது; ஓர் ஆணையம் கணக்கைப் பார்த்து அனுமதிக்கும். பயன்பாட்டில் இருக்கிற சொத்து எவ்வளவு, நியாயமான செலவு எவ்வளவு, முதலீட்டுக்கு எத்தனை சதவீதம் தரலாம் என்று கேட்கும். அடுத்த வருஷம் தேய்மானம் போக சொத்து மதிப்பு ஒன்பதே முக்கால் கோடி ஆகிவிடும். வருவாயும் 87 லட்சத்து 75 ஆயிரமாக இறங்கும். வருவாய் இறங்காமல் இருக்க வேண்டும் என்றால் புதுசாக முதலீடு செய்தாக வேண்டும். பழைய குழாயை மாற்றுவது அங்கே தொழிலாகவே ஆகிவிடுகிறது.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. வருவாய் முதலீட்டின் மேல்தான் என்றால், ஒரு மோட்டார் போதும் என்ற இடத்தில் மூன்று மோட்டார் வைக்கத் தோன்றாதா? தோன்றும் என்று 1962-லேயே ஆவர்ச், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1989-இல் தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றபோது கடனையெல்லாம் அரசே தள்ளுபடி செய்து கொடுத்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலையை நிர்ணயிக்க ஆஃப்வாட் என்ற அமைப்பும் வந்தது. ஆணையம் இருந்தும், லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் கம்பெனியின் கடன் 2024-இல் 1,500 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. ஆகவே ஆணையம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டியது. 14 கிலோமீட்டர் நீளம், முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் தேங்கி வடவாறு வழியாக இதில் வந்து சேருகிறது. இந்த ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் யோசனை 1960-களின் கடைசியிலேயே வந்தது. வேலை தொடங்கிப் பாதியில் நின்றது. ராட்சசக் கான்கிரீட் குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்ததையும், அதற்குள்ளே ஜனங்கள் குடித்தனம் நடத்தியதையும் நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மேலே "பயன்பாட்டில் இருக்கிற சொத்து" என்று எழுதினேனே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் இதுதான். ரோட்டோரம் கிடக்கும் குழாய்க்கு எந்த ஆணையமும் ஒரு பைசா வருவாய் அனுமதிக்காது. ஆனால் செலவு செய்த பணம் செலவானதுதான்.

புதிய வீராணம் திட்டம் 2004-இல் ஓடத் தொடங்கியது. சேத்தியாத்தோப்பில் தண்ணீரை எடுத்து, நெய்வேலி அருகே வடக்குத்தில் சுத்திகரித்து, காடாம்புலியூர் தொட்டிக்கு ஏற்றினால், அங்கிருந்து புவியீர்ப்பிலேயே சென்னை போரூர் வரை போகிறது. குழாய் 200 கிலோமீட்டருக்கும் மேல். அளவு நாளைக்கு 18 கோடி லிட்டர். அதை விநாடிக்குக் கன அடியாக மாற்றிப் பாருங்கள், 73 சொச்சம் வரும். பேப்பரில் "சென்னை குடிநீருக்கு 73 கன அடி" என்று போடுவது இதைத்தான்.

செலவு சுமார் 720 கோடி. நம் சின்னக் கணக்கை இதிலும் போடலாம். முழு அளவில் ஓடினால் வருஷத்துக்கு 6 கோடியே 57 லட்சம் கிலோலிட்டர். 30 வருஷத் தேய்மானம் என்றால் கிலோலிட்டருக்கு 3 ரூபாய் 65 பைசா. பணத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 11 ரூபாய் சேரும். மோட்டார் போடுவதற்கு முன்னாலேயே கிட்டத்தட்ட 15 ரூபாய்! ஏரியில் தண்ணீர் இல்லாமல் பாதி அளவுதான் ஓடியது என்றால் அதுவே 30 ரூபாய். 2024 கோடையில் ஏரி வறண்டபோதும் குழாயின் தேய்மானம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மழை பொய்த்தால் விவசாயி மட்டுமல்ல, குழாய் போட்டவனும் நஷ்டப்படுகிறான்.

இதே பாடத்தைத் திருப்பூர் வேறு விதமாகப் படித்தது. பனியன் ஊருக்கும் சாயப்பட்டறைகளுக்கும் சேர்த்து, பவானி அருகே காவிரியிலிருந்து நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர, 1995-இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. சுமார் 1,023 கோடி ரூபாய்த் திட்டம், 30 வருஷ ஒப்பந்தம், பங்கு முதலுக்கு 20 சதவீத வருவாய் என்ற கணக்கு. தொழிற்சாலைக்கு கிலோலிட்டர் 45 ரூபாய், வீடுகளுக்கு அதைவிட மிகக் குறைவு. சாயப்பட்டறை கொடுக்கும் காசில் வீட்டுக் குழாய் ஓடும் என்பது ஏற்பாடு. 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினையால் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய வாடிக்கையாளரே கைவிட்டுப் போனார்! காகிதத்தில் 20 சதவீதம் எழுதிவிட்டால் மட்டும் வந்துவிடாது.

சரி, சின்ன ஊர்கள் எங்கே போகும்? கடலூருக்கு கேப்பர் மலை ஆழ்துளைக் கிணறு, சிதம்பரத்துக்கு வக்காரமாரி நீர்த்தேக்கம் என்று ஒவ்வோர் ஊரும் தன் பாட்டைத் தானே பார்க்கிறது. திட்டத்தை வடிவமைத்துக் கட்டித் தர 1971-லிருந்து குடிநீர் வடிகால் வாரியம் இருக்கிறது. ஆனால் கட்டிக் கொடுத்த பிறகு கட்டணம் வசூலித்துக் காப்பாற்ற வேண்டியது ஊர்தான். தனித்தனியாகப் போனால் எந்த பாங்கும் மதிக்காது. 2002-இல் தமிழ்நாட்டில் 13 சிறிய உள்ளாட்சிகள் ஒன்று சேர்ந்து, குடிநீர் மற்றும் துப்புரவு கூட்டு நிதியம் வழியாக 30 கோடியே 41 லட்சத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. 15 வருஷம், 9.20 சதவீதம். அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் உத்தரவாதம் கொடுத்தது. நம்ம தெருவில் பெண்கள் சேர்ந்து சீட்டு பிடிக்கிற தத்துவம்தான்! ஆலந்தூரில் இன்னும் நேரடியாக, பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வாங்கியே வேலையை ஆரம்பித்தார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள். கணக்கைக் காட்டிக் கேட்டால் கொடுப்பார்கள் என்பது என் எண்ணம்.

மின்சாரத்துக்கு 1999-லிருந்து ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. கட்டணம் ஏற்றுவதற்கு முன் கூட்டம் போட்டு நம்மைக் கேட்கிறது. பிடிக்காவிட்டால் எழுந்து பேசலாம். நம் ஊர்த் தண்ணீருக்கு அப்படி ஒன்று இல்லை. மன்றத் தீர்மானம், அரசு ஆணை, அவ்வளவுதான். ஓட்டுக்குப் பயந்து கட்டணத்தை ஏற்றாமல் இருப்பார்கள். ஏற்றாத காசில் முதலில் வெட்டுப்படுவது தேய்மானம். சம்பளத்தை நிறுத்தினால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? குழாய் வாய் பேசாது.

வாடிக்கையாளர் சேவைக்கும் அளவுகோல் உண்டு. 2008-இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நிர்ணயித்தது: தலைக்கு நாளைக்கு 135 லிட்டர், 24 மணி நேரமும் தண்ணீர், எல்லா இணைப்புக்கும் மீட்டர், கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள், இயக்கிப் பராமரிக்கும் செலவு முழுவதும் கட்டணத்தில் வர வேண்டும். படித்தால் நமக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இதில் வராத ஒரு சேவையை நம் மாவட்டம் அனுபவித்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டி நிரப்ப வேண்டியதாயிற்று. சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்குக் காசு போட எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் மனசு வராது. அந்த வாரம் மட்டும் அதற்கு விலையே கிடையாது.

வெட்டி எடுத்த அந்தக் குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். நம்ம டிபார்ட்மெண்ட் லேபில், யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயைச் சொருகி, இரண்டு பக்கமும் ஜாயிண்ட் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். மீதி இருநூறு மீட்டரும் அந்தப் பழைய குழாய்தான். கடைசிப் பத்து வீட்டுக்கு இப்போதும் லாரித் தண்ணீர்.