பழைய ஸ்லைடுகளை நூலாக்குவோம்: ஸ்கேன் அளவைக் கணக்கிடும் முறை

நம் வீட்டு அலமாரிகளிலும் சங்கங்களின் பெட்டிகளிலும் 1960, 70ஆம் ஆண்டுகளின் வண்ண ஸ்லைடுகள் இன்னும் கிடக்கின்றன. நம் நாட்டு ஈரக்காற்றில் அவற்றில் பூஞ்சை படர்கிறது, வண்ணமும் மங்குகிறது. அவற்றைப் புகைப்பட நூலாக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஸ்கேனரில் எந்த எண்ணை வைப்பது?" என்பதுதான். அதற்கான விடை ஸ்கேனரில் இல்லை. அச்சாகப்போகும் பக்கத்தில் இருக்கிறது.

தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்சல் தேவை என்பது பொதுவான அளவுகோல். 35 மில்லிமீட்டர் ஸ்லைடில் படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய 1.4 அங்குலம். ஸ்கேனரிலும் 300 என்றே வைத்தால் 420 பிக்சல்தான் கிடைக்கும். அதைத் தெளிவு குறையாமல் அச்சிட்டால் படம் ஸ்லைடின் அளவிலேயே நிற்கும்!

எனவே கணக்கு இதுதான்: அச்சில் வேண்டிய அகலத்தை 300ஆல் பெருக்கி, ஸ்லைடில் நாம் எடுக்கும் பகுதியின் அகலத்தால் வகுக்க வேண்டும். இரண்டு அகலங்களும் அங்குலத்தில் இருக்கட்டும்.

6 அங்குலப் படத்திற்கு: 6 × 300 ÷ 1.4 = ஏறக்குறைய 1,290.
12 அங்குல முழுப்பக்கப் படத்திற்கு: 12 × 300 ÷ 1.4 = ஏறக்குறைய 2,570.

குழுப்படத்தின் பாதி அகலத்தை மட்டும் வெட்டி எடுத்து 6 அங்குலத்தில் அச்சிட்டாலும் 2,570 தேவைப்படும். ஆகவே, வெட்டப்போகும் படங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் மிகப் பெரிய எண்ணில் எடுத்துவிடலாமே எனத் தோன்றும். எண் இரு மடங்கானால் கோப்பு நான்கு மடங்காகும். மேலும், மேசை ஸ்கேனர்கள் பலவற்றின் உண்மையான திறன், பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணைவிட மிகக் குறைவு. கோப்பு பெருக்குமே தவிர, முகம் தெளியாது. பல முகங்கள் கொண்ட அரிய படங்களை மட்டும் பிலிம் ஸ்கேனரில் 4,000 அளவில் எடுப்பது நல்லது. பூஞ்சை முந்திக்கொண்டால் மறுமுறை எடுக்க ஸ்லைடு இருக்காது.

சட்டத்தில் 'கோடாக்குரோம்' என்றிருந்தால், அகச்சிவப்புக் கதிரால் தூசு நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; அவ்வகைப் பிலிமில் அது படத்தையே சிதைக்கக்கூடும். தூசியைக் காற்றூதியால் அகற்றினால் போதும். மூலக்கோப்பை டிஃப் வடிவில் பாதுகாத்து, அதன் ஜேபெக் நகலை அச்சுக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். ஸ்கேன் செய்யும் அன்றே, படத்தில் உள்ளோர் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை பிக்சல் இருந்தாலும் பெயரை அவை சொல்லமாட்டா.